மொதல் வெளக்கு வெக்கிற வீடு

நாலாம் லயம், ரெட்டக்கல் தோட்டம்,
குளுவாங்.
2-5-1932

சோமு,

நலம் விசாரிக்க இத எழுதல. நீ நல்லாத்தான் இருப்ப. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரில வெள்ளச் சட்ட போட்டு, மருந்து கட்டுற டிரெசர் வேலைக்குப் படிக்கிறியாமே. எங்க தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற பெரிய கிராணி ஒங்கப்பா கந்தப்பு, அத ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்காரு. நா பள்ளிக்கூடத்த விட்டு எட்டு மாசம் ஆச்சு. மை கொட்டுனது நீ, அடி வாங்குனது நான். அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாத்தியாருக்கு மட்டும் தெரியாது. அதப் பேச இப்ப வரல. ஒரு கேள்வி இருக்கு. பதில் தெரிஞ்சா எழுது, தெரியாட்டி தாள வீணாக்காத.

எங்கக்கா அங்கம்மாவ ஒனக்கு ஞாபகம் இருக்கும். முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு ரயிலேறி என்னையப் பாக்க வந்துச்சே, பாதிக்கு மேல நீ தின்னியே, அதே அக்கா. அதுக்கு இப்ப பொழுது எறங்குனா கண்ணு தெரியல. பகல்ல ஊசி கோக்குது. சாயங்காலம் ஆனா செவுரத் தடவுது. தை மாசம் ஒரு மாசம் காச்சல்ல கெடந்துச்சு, வெறும் கஞ்சிதான் பத்தியம். அதுக்கப்பறம் புடிச்சது இது.

விடியுறதுக்கு முன்னாடி பெரட்டுல பேர் கூப்புடுவாங்க இல்ல, அதுக்கு அக்கா இருட்டுல பக்கத்து வீட்டு வெள்ளையம்மா தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் போகுது. ரப்பர்ப் பாலுக்குக் கித்தா மரத்த வெட்டப் போனா மொத பத்து மரத்துக்குக் கண்ணு சரியாத் தெரியாம உளி ஆழமா எறங்கிருது. மரத்துல காயம். கங்காணி ரெண்டு தடவ பாத்துட்டான்.

இந்த மாசம் 31-ந் தேதி பெரிய டாக்டரு வர்றாரு. கித்தா வெல விழுந்துபோச்சு, ஆளக் கொறைக்கிறாங்க. கண்ணு, காலு சரியில்லாதவங்க பேர ஒங்கப்பா எழுதுவாரு. எழுதுன பேரு கப்பல் ஏறும். அக்கா ரெண்டு வயசுல இங்க வந்துச்சு. ஆத்தா அப்பன் போயாச்சு, புருசனும் போயாச்சு. நாகப்பட்டணத்துல எறங்குனா எந்தப் பக்கம் நடக்கணும்னுகூட அதுக்குத் தெரியாது. எனக்கும் அத விட்டா ஆளில்ல.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா சீக்குப் புத்தகத்துல பேர் ஏறிரும். அந்தப் புத்தகம் ஒங்கப்பா மேசைக்குப் போகும். அதனாலதான் ஒனக்கு எழுதுறேன். இது என்னா சீக்கு, எது குடுத்தா சரியாகும்? அக்கா பேர எங்கயும் சொல்லிறாத.

அர்ச்சுனன்


ஜொகூர் பாரு
8-5-1932

அருச்சுனனுக்கு,

உம்மட கடிதம் கிடைச்சது. எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுறீர், அதுவும் குத்திக் குத்தி. சரி, நான் கேக்கத்தான் வேணும்.

அது மாலைக்கண். எங்கட டொக்டர் போன மாதம்தான் இதைப் பற்றிப் படிப்பிச்சவர். பிழை கண்ணிலை இல்லையாம், சாப்பாட்டிலையாம். பச்சை இலை, மஞ்சள் பூசணி, முட்டை, ஈரல், இதுகளிலை இருக்கிற ஒரு சத்து உடம்பிலை குறைஞ்சால் இருட்டிலை கண் வேலை செய்யாது. காய்ச்சலிலை கிடந்து கஞ்சி மட்டும் குடிச்ச ஆக்களுக்கு கூடுதலா வரும். சத்துத் திரும்பக் கிடைச்சால் கண்ணும் திரும்பும். பயப்பிட வேண்டாம்.

மீன் எண்ணெய் குடுத்தால் கெதியாச் சுகம் வரும். ஆனால் அது அலுமாரியிலை பூட்டிக் கிடக்கு, திறப்பு பெரியவரிட்டை. களவெடுக்க என்னாலை ஏலாது. இதுக்கும் என்னைக் கோழை எண்டு சொல்லுவீர், சொல்லும்.

முதல் வேலையா இதைச் செய்யும். உங்கட வீட்டிலையும் அக்கம்பக்கத்திலையும் ஒவ்வொரு நாளும் கறி சாப்பிடுகினமோ, என்ன கறி எண்டு கேட்டு எழுதும்.

சோமசேகரம்


ரெட்டக்கல் தோட்டம்
11-5-1932

சோமு,

நீ கேக்கச் சொன்னேன்னு இருவத்திரண்டு வீட்டுக் கதவத் தட்டி, "தெனமும் கறி திங்கிறீங்களா"ன்னு கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்.

வெள்ளையம்மா கைல இருந்த மொறத்தக் கீழ வெச்சிட்டு, "ஏன் தம்பி, ஆடு வெட்டப் போறியா? ரெண்டு பங்கு எனக்கு எடுத்து வையி"ன்னுச்சு. காளியப்பன், "தீவாளிக்குத் தின்னேன், அடுத்த தீவாளிக்கு வந்து கேளு, சொல்றேன்"னான். ஒரு கெழவன் நா கேலி பண்றேன்னு நெனச்சு வெறகுக் கட்டையத் தூக்கிட்டான். இருவத்திரண்டு வீட்லயும் ஒரே பதிலு, கறி இல்ல. பெரிய விசயத்தக் கண்டுபுடிச்சிட்டேன்னு எழுத ஒக்காந்தப்பதான் மண்டைல ஒறச்சுது. நீங்க யாழ்ப்பாணத்துக்காரங்க கத்திரிக்காயக் கறிம்பீங்க, கீரையவும் கறிம்பீங்க. இங்க கறின்னா ஆடு, இல்லாட்டி கோழி. அலமாக், சோமு. திரும்ப ஒரு தடவ இருவத்திரண்டு வீடு.

கீர, காய் பத்தித்தான் கேட்டேன்னா அதுக்கு ஏங்கிட்ட எழுதி வெச்ச கணக்கே இருக்கு. கூலியக் கொறச்சப்ப, தொர வீட்டுக்கு வீடு லயத்துக்குப் பின்னால ஒரு துண்டு நெலம் விட்டாரு, காய்கறி போட்டுக்கங்கன்னு. எந்த வீட்ல என்னா நட்டிருக்காங்கன்னு இங்கிலீசுல எழுதிக் குடுக்குறதுதான் என் வேல. ஒங்கப்பாதான் குடுத்தாரு. "ஏழாம் வகுப்பாவது படிச்சனிதானே"ன்னு சொல்லிக் குடுத்தாரு, அந்த "ஆவது" இன்னும் காதுல நிக்குது.

இப்ப கேளு. நாலாம் லயத்துலயே நல்ல தோட்டம் எங்கக்காவோடது. தண்டுக்கீர இடுப்பு ஒசரம். வேலி பூரா சாயூர் மானிஸ் கீர, கம்பத்து ஊரு மலாய்க்காரம்மா குடுத்த குச்சிய ஒடிச்சு நட்டது, கொத்துக் கொத்தா எல. வள்ளிக்கெழங்குக் கொடி தரைய மூடிருச்சு. மூணு பூசணி காச்சிருக்கு, உள்ள மஞ்சள்னா அப்பிடி ஒரு மஞ்சள். முருங்கப் போத்து ரெண்டு தழஞ்சிருக்கு. குச்சிய நட்டுட்டுத் திரும்புனா வேர் விடும், அப்பிடி ஒரு கை அதுக்கு. தொர ஒரு நாள் நின்னு பாத்துட்டு 'வெரி குட்'ன்னாரு.

ஒங்க டாக்டரு சொன்ன மருந்து எல்லாம் எங்க வீட்டுக்குப் பின்னால மொளச்சு நிக்குது. வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியல. இது எப்பிடி? டாக்டரு தப்பா, நீ காதுல வாங்குனது தப்பா?

அர்ச்சுனன்


ஜொகூர் பாரு
15-5-1932

அருச்சுனனுக்கு,

கறி விசயம் வாசிச்சுச் சிரிச்சதிலை பக்கத்துக் கட்டில் நோயாளி எழும்பிட்டார். பிழை என்னிலைதான்.

டொக்டரிட்டைத் திரும்பக் கேட்டன். பேர் சொல்லேல்லை. அவர் சொன்னதிலை மாற்றம் இல்லை. அப்ப மிச்சம் இருக்கிறது ஒரு சந்தேகம்தான். நீர் எழுதினது முழுக்க நிலத்திலை நிக்கிறது. சட்டிக்குள்ளை என்ன இருக்கு? அக்கா கீரையை விக்கிறாவோ? அவிச்ச தண்ணியை ஊத்திப்போடுறாவோ? எத்தினை மணிக்குச் சமைக்கிறா? நீரும் அந்த வீட்டிலைதானே சாப்பிடுறீர், ஒரு வரி எழுதியிருக்கலாமே.

இன்னொண்டு. கேக்க முதலே சொல்லிவிடுறன். ஐயாவிட்டைக் கதைச்சுப் பேரை எழுதாமல் விடச் சொல்லு எண்டு மட்டும் என்னைக் கேக்காதேயும். அவருக்கு முன்னாலை நிண்டு நான் இதுவரை ஒரு முழு வசனம் கதைச்சதில்லை.

சோமசேகரம்


ரெட்டக்கல் தோட்டம்
19-5-1932

சோமு,

உண்மையச் சொல்றேன், நா வீட்ல திங்கிறதே இல்ல. பகல்ல டவுன் பக்கம் சுத்திட்டு சீனன் கடைல ரொட்டி தின்னுட்டு வருவேன். அக்கா மூடி வெச்சிருக்கிறத ஆறிப்போயி எப்பவாவது திம்பேன். என்னா தின்னேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. நீ கேட்டது சுருக்குன்னு இருந்துச்சு. மூணு நாள் எங்கயும் போகாம அடுப்படில ஒக்காந்தேன். "என்னடா, ஒடம்புக்குச் சொகமில்லையா"ன்னு அக்கா நெத்தியத் தொட்டுப் பாத்துச்சு.

பாத்தத அப்பிடியே எழுதுறேன். காலைல நாலு மணி: வரக்காப்பி, பழைய சோறு, ஊறுகா. கித்தாக் காட்டுல சாப்பாடு ஒண்ணும் கெடையாது. ரெண்டு மணிக்குக் கித்தாப் பால நிறுத்துக் குடுத்துட்டு வருது. வந்து தண்ணி தூக்குது, வெறகு ஒடைக்குது, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துது, களை புடுங்குது, கீர அறுக்குது. அஞ்சு மணிக்கு வெளக்க வெச்சிட்டு அடுப்பு மூட்டுது. ஒரு நாளைக்கு ஒரே ஒல. சோறு, புளி ரசம், சுட்ட கருவாடு. மூணு நாளும் அதேதான்.

அறுத்த கீர எங்க போகுது தெரியுமா? ஒரு கட்டு வெள்ளையம்மாவுக்கு, அதுக்குப் பதிலாத்தான் அந்தக் கருவாடு. மிச்சம் ஆட்டுக்கு. அந்த ஆட்டுக்குக் கண்ணு எப்பிடி இருக்குன்னு கேக்காத, அது இருட்டுல வேலி தாண்டி அடுத்த தோட்டம் மேயுது.

"ஏன்க்கா கீர ஆக்கல"ன்னேன்.

"வெளக்கு வெச்ச பெறகு யார்ரா கீர திம்பா?" ஏதோ நா மண்ணத் திங்கச் சொன்ன மாதிரி பாத்துச்சு.

திரும்ப இருவத்திரண்டு வீடு போயி, "ராத்திரில கீர திம்பீங்களா"ன்னு கேட்டேன். எல்லாரும் சீன்னாங்க. வயித்துக்கு ஆகாதாம், வீட்டுக்கும் ஆகாதாம். யோசிச்சுப் பாத்தா, ஊர்ல மத்தியானம்னு ஒண்ணு இருந்துச்சு, அப்ப கீர தின்னாங்க. இங்க மத்தியானம் காட்டுல போயிருது. வேணாங்கிற ராத்திரி மட்டும் கூடவே கப்பலேறி வந்துருச்சு.

வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சண்ட. மடத்தனம்னு சொல்லிட்டேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். அது கத்தல. கரண்டியக் கீழ வெச்சிட்டு, "ஆத்தா எப்பிடிச் செத்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? நீ அப்ப பாலு குடிக்கிற புள்ள. ராத்திரி கீர தின்னுச்சு. நாந்தான் ஆக்கிப் போட்டேன், எனக்கு ஏழு வயசு. வெளக்கு வெச்சாச்சு வேணாம்னுச்சு, நாந்தான் தின்னு தின்னுன்னேன். வாந்தி, பேதி. விடியக்குள்ள போயிருச்சு. நீ படிச்சதுல இதுக்கு என்னா போட்டிருக்கு?"ன்னு கேட்டுச்சு.

இதுக்கும் ஒங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுது. பன்னண்டு நாளுதான் இருக்கு.

அர்ச்சுனன்


ஜொகூர் பாரு
22-5-1932

அருச்சுனன்,

உம்மட அம்மாவின்ர விசயத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். அது வாந்திபேதி நோய். கெட்ட தண்ணியாலை வாறது. கீரைக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இதைக் கடிதத்திலை எழுதிறது லேசு, ஏழு வயதிலை கரண்டி பிடிச்ச ஆளுக்குச் சொல்லுறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியேல்லை. நீர் யோசியும்.

எங்கட வீட்டிலையும் இரவிலை கீரை இல்லை. பிறந்ததிலை இருந்து அந்த வீட்டிலை சாப்பிடுறன், இப்பதான் கவனிக்கிறன். நாங்கள் மத்தியானம் தின்னுறபடியாத் தப்பியிருக்கிறம்.

ஆனால் உம்மட கணக்கு எனக்குப் பொருந்தேல்லை. இருபத்திரண்டு வீட்டிலையும் ஒரு நாளைக்கு ஒரே உலை, இருபத்திரண்டு வீட்டிலையும் இரவிலை கீரை இல்லை. அப்ப இருபத்திரண்டு வீட்டிலையும் எல்லோ மாலைக்கண் இருக்க வேணும்? ஏன் உம்மட அக்காவுக்கு மட்டும்? வெள்ளையம்மா அவவைத் தோளிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறா. அவவுக்கு எப்பிடிக் கண் தெரியுது? அவவும் கீரையை எப்பவோ தின்னுறா. எப்ப எண்டு பாரும்.

அம்மா முந்திச் சொன்னதை எழுதிறன்: கீரையை வடிவாக் கழுவி, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு அவிச்சுக் கடையும். கடைசியிலை தேங்காய்ப்பூ பிழிஞ்சு பால் விடும். பாலை விடாமல் இருக்க வேண்டாம். எண்ணெய்த்தன்மை இல்லாட்டி அந்தச் சத்து உடம்பிலை ஒட்டாதாம், டொக்டர் சொன்னவர்.

சோமசேகரம்


ரெட்டக்கல் தோட்டம்
25-5-1932

சோமு,

கண்டுபுடிச்சிட்டேன். ஒக்காந்து படி.

ஒன் கடுதாசி வந்த அன்னிக்கி சாயங்காலம் குழாயடிக் கட்டைல ஒக்காந்தேன். அங்கேர்ந்து நாலாம் லயத்து இருவத்திரண்டு வாசலும் தெரியும். மணி அஞ்சு, நல்ல வெயிலு. மொதல்ல எங்க வீட்ல வெளக்கு எரியுது. வேற எங்கயும் இல்ல. அஞ்சரை, இல்ல. ஆறு, இல்ல. ஆறேகாலுக்கு மேல ஒவ்வொண்ணா ஏத்துறாங்க. வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். வெளக்கு இன்னும் வெக்கல. சட்டியில வள்ளிக்கீர. எல்லாரும் வழிச்சு வழிச்சுத் திங்கிறாங்க.

"நீங்க ராத்திரி கீர திங்கறதில்லன்னு சொன்னீங்களே"ன்னேன்.

"ஆமா, திங்கறதில்லதான்."

"அப்ப இது?"

"இது சாயங்காலம் தம்பி."

"ராத்திரி எப்ப ஆரம்பிக்குது?"

"என்னா கேள்வி இது, வெளக்கு வெச்சா ராத்திரி. மண்ணெண்ண என்ன கொட்டியா கெடக்கு, வெளிச்சம் இருக்கும்போதே தின்னுட்டுத் தட்டக் கழுவிருவோம். அப்பறந்தான் வெளக்கு."

பாத்தியா? நா மணியக் கேட்டேன், அவங்க வெளக்கச் சொன்னாங்க. திரும்பவும் கேள்விய மாத்திக் கேட்டுட்டு நின்னிருக்கேன். எனக்கும் ஒனக்கும் இதே பொழப்பு.

அக்காவுக்குப் பொழுது சாய ஆரம்பிச்சாலே கண்ணு மங்குது. அதனால எல்லாருக்கும் முன்னாடி வெளக்க வெக்குது. வெளக்கு வெச்சதும் அந்த வீட்ல ராத்திரி வந்துருது, வெளிய வெயில் அடிச்சாலும். ராத்திரி வந்ததும் கீர போயிருது. கீர போகப் போகக் கண்ணு இன்னும் மங்குது, அடுத்த நாள் வெளக்கு இன்னும் கொஞ்சம் முந்துது. காச்சல் வந்த புதுசுல ஆறு மணிக்கு ஏத்துனதாம், வெள்ளையம்மாவே சொன்னுச்சு. இப்ப அஞ்சு.

அக்காகிட்ட சொன்னேன். ஆத்தாவப் பத்தி வாயத் தொறக்கல, தண்ணியப் பத்தியும் சொல்லல, வெளக்கப் பத்தி மட்டும் சொன்னேன். "வெளக்கு வெக்காட்டி எனக்கு அடுப்பே தெரியலயேடா"ன்னுச்சு. 

அதனால இப்ப நாந்தான் சமைக்கிறேன். சிரிக்காத. அக்கா பால் நிறுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு மணிக்கு, சூரியன் நெத்தியில நிக்கும்போது கீரையக் கடஞ்சு தட்டுல போட்டுருவேன். இது ராத்திரின்னு எந்தச் சாமியும் சொல்லாது. மொத நாள் ஒங்கம்மா சொன்ன தேங்காப்பூவுக்காகத் தென்னமரத்துல ஏறிப் பாளையப் பிச்சு எறங்குனேன். பாளைய வெச்சிக்கிட்டு எப்பிடிப் பாலு புழியறதுன்னு முழிச்சிக்கிட்டு நிக்கிறேன், வெள்ளையம்மா வந்து பாத்து, "துருவுன தேங்காயச் சொல்லியிருப்பாங்க தம்பி"ன்னுட்டு அரமணி நேரம் சிரிச்சுச்சு. ஒங்க பாஷைய ஒரு நாள் கட்டி வெச்சு ஒதைக்கணும்.

லயமே வேடிக்க பாக்குது. "எப்ப காது குத்துறோம், தோடு நா போடுறேன்"ங்கிறான் காளியப்பன். அக்கா ஒரு வாய் தின்னுட்டு, "உப்பு இல்ல, ஆட்டுக்குப் போட்டாலும் யோசிக்கும்"ன்னுச்சு. ஆனா தட்டக் காலி பண்ணிருச்சு.

ரெண்டு நாளாச்சு. இன்னும் ஆறு நாள்ல டாக்டரு. போதுமா? நீயே சொல்லு. போதாதுன்னு எனக்குத் தோணுது. ஒரு ரெண்டு வாரம் கெடச்சா போதும், அவ்வளவுதான். டாக்டரு ரெண்டு வாரத்துக்கு ஒரு லயம் பாப்பாரு, எந்த லயம் என்னிக்கி அவரு முன்னால நிக்கணும்னு எழுதுறது ஒங்கப்பாதான். பேர அழிக்கக் கேக்கல. நாளத் தள்ளத்தான் கேக்குறேன். நா போயிக் கேட்டா, படிப்ப விட்ட பய சீக்க மறைக்கிறான்னு அன்னிக்கே எழுதிருவாரு.

மை கொட்டுன அன்னிக்கி நீ வாயத் தொறக்கல. இன்னிக்கித் தொற.

அர்ச்சுனன்


ஜொகூர் பாரு
30-5-1932

அர்ச்சுனா,

சனிக்கிழமை லீவு கேட்டு ரயிலேறினன். குளுவாங்கிலை இறங்கி நடந்து வரேக்கை உங்கட லயத்துப் பக்கமாத்தான் வந்தன். ஐந்து மணி தாண்டி நாலு நிமிசம். நீ எழுதினது சரி. வெயில் அடிக்குது, ஒரேயொரு வீட்டிலை விளக்கு. வாசலுக்கு வர நினைச்சன். வேலியோடை திரும்பிட்டன். ஆட்டை மட்டும் கண்டன், வேலிக்கு வெளியிலை நிண்டுது.

ஐயா சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர். நான் கதிரையிலை இருக்கேல்லை, நிண்டபடியே தொடங்கினன். மாலைக்கண்ணிலை தொடங்கி, கீரை, விளக்கு எல்லாம் சொன்னன். பேர் சொல்ல வேண்டி வந்திட்டுது, மன்னிச்சுக்கொள். அவர் தலையை நிமித்தாமல், "அந்தப் பெடியன் சொன்னதை நம்பிக்கொண்டு வந்தனியோ? வாத்தியாருக்கே மைப்போத்தல் எறிஞ்சவன்"எண்டார்.

அப்ப சொன்னன். எறிஞ்சது அவன்தான், ஆனால் பரீட்சைக் கொப்பியிலை முதல் மை ஊத்தினது நான், அவனைக் கூலிப் பெடியன் எண்டு அடிக்கேக்கை நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான் எண்டு. அம்மா குசினிக்குள்ளை பாத்திரம் கழுவுறதை நிப்பாட்டிப்போட்டா.

ஐயா எழும்பிக் கை கழுவினார். கனநேரம் கழுவினார். பிறகு துவாயாலை துடைச்சுக்கொண்டு சொன்னார்: "ஆறாம் லயத்திலை இருக்கிறவை புதுசா வந்த ஆக்கள், எல்லாரையும் போன கிழமைதான் ஆஸ்பத்திரியிலை பாத்தவை, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. அவையை 31-க்கு விடுறன். நாலாம் லயம் 14-ந் திகதி. அண்டைக்கு அவளுக்குக் கண் தெரியாட்டி நான் பேரை எழுதுவன். அதுக்குப் பிறகு நீயும் வரக்கூடாது, அவனும் வரக்கூடாது."

இவ்வளவுதான் வாங்க முடிஞ்சது. பதினாலு நாள். போதுமோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டன், "சில பேருக்குப் போதும்" எண்டார். எனக்கு அந்த "சில பேர்" பிடிக்கேல்லை. பூசணியையும் போடு. முட்டை கிடைச்சால் முட்டை. பாலை விடாமல் இருக்காதை.

அந்த மைக்கு நான் உன்னட்டை மன்னிப்புக் கேக்க வேணும். இதைவிட வடிவா எழுத வரேல்லை.

சோமு


ரெட்டக்கல் தோட்டம்
3-6-1932

சோமு,

நேரம் இல்ல, ஒல கொதிக்குது. பூசணி போட்டாச்சு. முட்டைக்கு வெள்ளையம்மா கோழியக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். அக்கா நேத்து அஞ்சேகாலுக்குத்தான் வெளக்கு வெச்சுச்சு. மறந்துபோயி வெச்சுச்சா, கண்ணு தெரிஞ்சு வெச்சுச்சான்னு தெரியல. கேக்க பயமா இருக்கு.

வேலியத் தாண்டி வந்திருக்கலாம். ஆடு கடிக்காது.

அர்ச்சுனன்


ரெட்டக்கல் தோட்டம்
15-6-1932

சோமு,

நேத்து நடந்தத வரிசையாச் சொல்றேன், எடையில குதிச்சுப் படிக்காத.

விடியல. பெரட்டுக் களத்துல டாக்டரு, தொர, ஒங்கப்பா. லாந்தரத் தூரமாத் தூக்கிட்டுப் போயி ஒரு கம்பத்துல மாட்டிட்டாங்க. பாதையில, பால் புடிக்கிற மங்கு ஒரு டசன வரிசையா வெச்சாங்க. ஒவ்வொருத்தரா அதுங்களுக்கு நடுவுல நடந்து அந்தக் கம்பத்தத் தொட்டுட்டு வரணும். மங்குல கால் பட்டா நின்னுரணும். எங்க லயத்துல ரெண்டு பேருக்குக் காலு பட்டுச்சு, ஒருத்தரு அந்த வெறகுக் கட்டக் கெழவன். ஒங்கப்பா பேனாவ எடுத்தாரு, டாக்டரு கெழவன் கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு இது புரை, ஆபரேசன் பண்ணலாம்னாரு. இன்னொருத்தனுக்குப் போதை.

அக்கா முறை. வெள்ளையம்மா தோளுல இருந்து கைய எடுத்துச்சு. நா வேலிக்கு அந்தாண்ட நின்னேன், பெரட்டுல பேர் இல்லாதவங்க கிட்ட வரக்கூடாதாம். எனக்குப் பாதையும் தெரியல, மங்கும் தெரியல, அக்கா சேல மட்டும் மங்கலாத் தெரியுது. சேல நகர்றத வெச்சு எண்ணுறேன், ஒரு மங்கு, ரெண்டு மங்கு, தாண்டிப் போகுது. ஏழோ எட்டோ, அங்க நின்னுருச்சு. குனிஞ்சுருச்சு. போச்சுடான்னு நெனச்சேன். டாக்டரு என்னான்னு கேக்குறாரு.

அக்கா சொல்லிச்சு, "மங்க யாரோ கவுத்து வெச்சிருக்காங்க தொரைகளே, இப்பிடி வெச்சா பாலு எப்பிடி நிக்கும்?" நிமித்தி வெச்சிட்டு நடந்து போயிக் கம்பத்தத் தொட்டுச்சு.

டாக்டருக்கு ஒங்கப்பாதான் இங்கிலீசுல எடுத்துச் சொன்னாரு. சொல்லும்போது அவரு மொகம் எனக்குத் தெரியல. ஆனா பேனாவ மூடுன சத்தம் கேட்டுச்சு.

மத்தியானம் தோட்டக் கணக்கக் குடுக்கப் போனேன். இந்தத் தடவ எந்தக் கீர, எத்தன பூசணின்னு எழுதுறதுக்குப் பக்கத்துல நானா ஒரு கட்டம் போட்டிருந்தேன்: எந்த வீட்ல எப்ப வெளக்கு வெக்கிறாங்க. ஒங்கப்பா செவப்பு மைய எடுத்து அந்தக் கட்டத்த அடிக்கப் போனாரு. அப்பறம் நிறுத்திட்டாரு. அஞ்சாம் லயத்துல ரெண்டு வீட்ல அஞ்சரைக்கே வெளக்கு எரியறத வெரல் வெச்சுப் பாத்தாரு. "இந்த ரெண்டு வீட்டையும் போய்ப் பார்"ன்னாரு. அதுல ஒரு வீட்ல சந்திரமதின்னு ஒரு பொண்ணு, புள்ள பெத்து ரெண்டு மாசம், பொழுது சாஞ்சா செவுரத் தடவுதாம். நா சொல்லி அது கேக்கல. சாயங்காலம் எங்கக்காவே கெளம்பிப் போயி பேசிட்டு வந்துச்சு. என்னா பேசுச்சுன்னு எனக்குச் சொல்லல. வந்ததும் எங்க வேலியில சாயூர் மானிஸ் குச்சி நாலு ஒடிச்சுக்கிட்டுத் திரும்ப அந்த வீட்டுக்குப் போச்சு.

நா அடுத்த வாரம் பெக்கான் நானாஸ் போறேன், அன்னாசிப்பழ டின் போடுற எடத்துல ஆள் எடுக்குறாங்களாம். புடிக்காட்டி ஓடியாந்துருவேன். நா போனா யாரு ஒனக்கு மத்தியானம் கடஞ்சு போடுவாங்கன்னு அக்காகிட்ட கேட்டேன். "அந்த உப்பில்லாத கண்றாவிய இனிமே வேற தின்னணுமா"ன்னுச்சு.

நேத்து சாயங்காலம் குழாயடிக் கட்டைல போயி ஒக்காந்தேன். மணி ஆறு. ஆறேகாலுக்கு வெள்ளையம்மா வீட்ல வெளக்கு. அப்பறம் காளியப்பன் வீடு, அப்பறம் அந்தப் பக்கம் பூரா. எண்ணிக்கிட்டே வந்தேன், இருவத்தொண்ணு. எங்க வீடு மட்டும் இருட்டாக் கெடந்துச்சு. பயந்து உள்ள ஓடுனேன்.

அக்கா அடுப்படில தட்டு வெச்சு ஒக்காந்திருக்கு.

"வெளக்கு வெக்கலயாக்கா?"

"கீர இன்னும் சட்டியில இருக்குடா. நீ தின்னு முடி, வெக்கலாம்."

ஒக்காந்தேன். எதுரு செவுரு தெரியல, தட்டு தெரியல, சோறு எது கீர எதுன்னு தெரியல. கைய விட்டுத் தொழாவுறேன். அக்கா கைய நீட்டி என் தட்டுல இருந்த பச்ச மொளகாயப் பொறுக்கி ஓரமா வெச்சுச்சு.

அர்ச்சுனன்